புகழுரைக்கு யூலஜி என்று எழுதினேன்: விழாச் சொற்களோடு என் அனுபவம்

அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், பாராட்டு மடல், கேடயத்தில் பொறிக்க வேண்டிய நாலு வரி. இவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. முறையாக யாரும் ஒப்படைக்கவில்லை. "உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருமே, இதைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்று ஒருமுறை ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. எனக்கும் இந்த வேலை பிடிக்கும். ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் கௌரவிக்கும்போது அவரைப் பற்றிச் சொல்லும் வார்த்தை சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். அந்த நினைப்பு ஒரு தவறிலிருந்து வந்தது.

எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற்றார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர். பிரிவு உபசார விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரானது. வரவேற்புரை, வாழ்த்துரை, புகழுரை, ஏற்புரை, நன்றியுரை. வெளியூர் விருந்தினர்களும் வருவதால் ஆங்கிலத்தில் ஒரு தாள் வேண்டும் என்றார்கள். புகழுரைக்கு அகராதியைப் பார்த்தேன். யூலஜி என்று இருந்தது. கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல, 'லோகோஸ்' என்றால் சொல். நல்ல சொல், நன்மொழி. இதைவிடப் பொருத்தம் ஏது என்று அப்படியே எழுதிக் கொடுத்தேன். அச்சாகி எல்லார் கைக்கும் போய்விட்டது.

அன்று மாலை அவர் அந்தத் தாளைப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏம்மா, யூலஜி போன பிறகு பேசறது. நான் இன்னும் இருக்கேனே" என்றார். கோபமே இல்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அகராதி பொய் சொல்லவில்லை. புகழுரை என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு உண்டு. ஆனால் இன்றைய புழக்கத்தில் அது பெரும்பாலும் இறுதிச் சடங்கில் இறந்தவரைப் பற்றிப் பேசும் உரை. உயிரோடு இருப்பவருக்கு ட்ரிப்யூட் என்றோ, வெறுமே 'அவரைப் பற்றிச் சில வார்த்தைகள்' என்ற பொருளில் எ ஃப்யூ வேர்ட்ஸ் அபௌட் என்றோ எழுதியிருந்தால் போதும்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொற்களை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. தமிழில் விழா என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் எதையாவது சேர்த்துவிடுகிறோம். திறப்பு விழா, பாராட்டு விழா, பட்டமளிப்பு விழா, நூற்றாண்டு விழா, நிறைவு விழா, பிரிவு உபசார விழா. முதல் சொல் விஷயத்தைச் சொல்கிறது, விழா என்பது மாறாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு பொதுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல், அந்தச் சொல்லுக்குள்ளேயே சில செய்திகள் அடங்கியிருக்கும்: கௌரவம் பெறுபவர் இருக்கிறாரா, மறைந்துவிட்டாரா? அன்றைய மனநிலை மகிழ்ச்சியா, துக்கமா, இரண்டும் கலந்ததா? பாராட்டுவது அவர் செய்த செயலையா, அந்த மனிதரையேவா? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நான் இப்போது பேனாவை எடுப்பதில்லை.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் செலிபிரேட். கொண்டாடு என்பதற்கு முதலில் கைக்கு வருவது அதுதான். அதன் லத்தீன் வேர் கூட்டம் நிறைந்த, பலர் வந்துபோகும் என்ற பொருளுடையது. செலிபிரிட்டி என்பதும் அதே குடும்பம். ஆக, பலர் கூடி மகிழ்வது. ஒருமுறை இளைஞர் ஒருவர் ஒரு வரைவைக் கொண்டுவந்தார். நிறுவனரின் நினைவு நாள். 'செலிபிரேட்டிங் தி ஃபர்ஸ்ட் டெத் ஆனிவர்சரி' என்று எழுதியிருந்தார். தமிழில் அவர் மனதில் இருந்தது 'அனுசரிக்கிறோம்' என்பதுதான், கை எழுதியது கொண்டாட்டம். நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் என்னிடம் வந்தது.

அந்த இடத்துக்கு மூன்று சொற்கள் உண்டு. கமெமரேட், அப்சர்வ், மார்க். கமெமரேட் என்பதற்குள் மெமரி இருக்கிறது, நினைவுகூர்தல். போர் முடிந்த நாள், ஒரு பெரியவர் மறைந்த நாள், ஒரு போராட்டத்தில் உயிர் நீத்தவர்களின் நாள், எல்லாவற்றுக்கும் பொருந்தும். மகிழ்ச்சியான நிகழ்வுக்கும் பொருந்தும், ஆனால் குரல் தாழ்ந்திருக்கும். அப்சர்வ் என்றால் முறைப்படி கடைப்பிடிப்பது. விரதம், மௌனம், விடுமுறை இவற்றோடு சேரும். இரண்டு நிமிட மௌனத்தை யாரும் செலிபிரேட் செய்வதில்லை, அப்சர்வ் செய்கிறார்கள். மார்க் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சந்தோஷம், துக்கம் எதையும் சொல்லாமல், அந்த நாளைச் சும்மா விட்டுவிடவில்லை என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய முடியாதபோது மார்க் என்று எழுதுங்கள், தவறாகப் போகாது. அந்த இளைஞரின் தாளில் 'டு மார்க் எ இயர் சின்ஸ் தி பாஸிங் ஆஃப்' என்று மாற்றினோம். டெத் ஆனிவர்சரி என்ற சேர்க்கை நம் பக்கத்து ஆங்கிலத்தில் சாதாரணம். மற்ற இடங்களில் ஆனிவர்சரி ஆஃப் ஹிஸ் டெத் என்று பிரித்துச் சொல்வதே வழக்கம். ஆனிவர்சரி என்ற சொல் தனியே நின்றால் பலர் காதில் திருமண நாளாகத்தான் விழும்.

இதே தவறின் தம்பிதான் ஹேப்பி. நாள் ஒன்று வந்தால் ஹேப்பி போட்டு வாழ்த்து அனுப்புவது கைப்பழக்கமாகிவிட்டது. புனித வெள்ளி இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாள். அதற்கு 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்று வாழ்த்து வந்தால் நம்பிக்கையுள்ளவர்களுக்கு நெருடும். குட் என்ற சொல்லைப் பார்த்து நல்ல நாள்தானே என்று நினைத்துவிடுகிறோம். அங்கே அதற்குப் புனிதம் என்று பொருள். அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசித் திங்கள்கிழமை மெமோரியல் டே, ராணுவப் பணியில் உயிரிழந்தவர்களுக்கானது. நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, ராணுவத்தில் பணியாற்றிய எல்லாருக்குமானது, உயிரோடு இருப்பவர்களுக்கும்தான். பின்னதில் ஒரு முன்னாள் வீரருக்கு நன்றி சொல்லலாம், வாழ்த்தலாம். முன்னதில் ஹேப்பி சொன்னால் மகனை இழந்த வீட்டில் போய்ப் பண்டிகை வாழ்த்துச் சொன்னது போல ஆகிவிடும். ஒரே நாட்டின் இரண்டு நாட்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

வாழ்த்து என்று சொன்னதும் இன்னொன்று. தமிழில் வாழ்த்துகள் என்றால் முடிந்துவிட்டது. தேர்வு எழுதப் போகிறவருக்கும் வாழ்த்துகள், எழுதி வென்றவருக்கும் வாழ்த்துகள். ஆங்கிலத்தில் பெஸ்ட் விஷஸ் முன்னோக்கிப் பார்க்கும், கங்கிராஜுலேஷன்ஸ் பின்னோக்கிப் பார்க்கும். நடக்கப்போவதற்கு முதலாவது, நடந்து முடிந்ததற்கு இரண்டாவது. கங்கிராஜுலேஷன்ஸ் எப்போதும் பன்மை, அதைத் தொடர்ந்து வருவது ஆன். உங்கள் வெற்றிக்கு என்று நாம் நான்காம் வேற்றுமையில் யோசிப்பதால் ஃபார் என்று எழுதத் தோன்றும். ஆன் என்றே பழக்கிக்கொள்ளுங்கள். மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ் பிறந்த நாளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. பழைய ஆங்கில மரியாதை நூல்களில் ஒரு விதி இருந்தது. மணமகனுக்குக் கங்கிராஜுலேஷன்ஸ், மணமகளுக்கு பெஸ்ட் விஷஸ். பெண்ணிடம் கங்கிராஜுலேஷன்ஸ் என்றால் போராடி ஒருவரைப் பிடித்துவிட்டாய் என்று சொல்வது போல் இருக்குமாம். இன்று யாரும் அதைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் தேவையில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'சாதித்துவிட்டாய்' என்ற தொனி எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

அடுத்து ஃபெலிசிடேட். இதில் எனக்கு ஒரு கடிதப் போக்குவரத்தே நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளரை அழைத்திருந்தோம். 'யூ வில் பி ஃபெலிசிடேட்டட் ஆன் தி டயஸ்' என்று நான் எழுதினேன். அவர் மிகுந்த பணிவோடு பதில் எழுதினார்: நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் புரியவில்லை, நான் மேடையில் என்ன செய்ய வேண்டும்? ஃபெலிக்ஸ் என்றால் லத்தீனில் மகிழ்ச்சியான, பேறு பெற்ற. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஃபெலிசிடேட் அரிதாகவே வரும் சொல், வந்தாலும் வாழ்த்துவது என்ற பொருளில்தான். ஒருவரை மேடையேற்றிச் சிறப்பிப்பது என்ற பொருள் தெற்காசிய ஆங்கிலத்தில் வளர்ந்தது. அது தவறான ஆங்கிலம் என்று நான் சொல்லமாட்டேன். கோடிக்கணக்கானவர்கள் ஒரு சொல்லை ஒரு பொருளில் பயன்படுத்தினால் அது சொல்தான். ஆனால் படிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். உள்ளூர் அழைப்பிதழில் ஃபெலிசிடேட் இருக்கட்டும். வெளியே போகும் கடிதத்தில் ஹானர் போதும். எழுத்தும் குறைவு, குழப்பமும் இல்லை.

சீஃப் கெஸ்ட் என்பதும் அப்படித்தான். வெளியே கெஸ்ட் ஆஃப் ஹானர் என்பார்கள். அந்த ஆய்வாளருக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் சொல்லை மட்டும் மாற்றவில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு நேரம் பேச வேண்டும், அதற்கு முன் யார் அவரை அறிமுகம் செய்வார்கள் என்று மூன்று வரி சேர்த்தேன். பட்டத்தைவிட அந்த மூன்று வரி அவருக்கு உதவியாக இருந்ததாக நேரில் சொன்னார். அப்புறம், ஹோஸ்ட், கெஸ்ட் இரண்டும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. அழைப்பவரும் வருபவரும் ஒரே சொல்லின் இரு முகம் என்பது எனக்கு அழகாகப் படுகிறது.

ஹானர் என்ற சொல்லில் எழுத்துக்கூட்டல் வலை ஒன்று இருக்கிறது, நானே அதில் மாட்டியிருக்கிறேன். பிரிட்டிஷ் முறையில் ஹானர், ஹானரபிள் இரண்டிலும் ஆர் எழுத்துக்கு முன் யு எழுத்து உண்டு. ஆனரரி, ஆனரேரியம் இரண்டிலும் அதே பிரிட்டிஷ் முறையில்கூட அந்த இடத்தில் யு கிடையாது. அமெரிக்க முறையில் எதிலுமே இல்லை. கூட்டல் பிழையாவது பரவாயில்லை. பொருள் பிழை வேறு வகை. ஹானரபிள் என்றால் மாண்புமிகு. ஆனரரி என்றால் மதிப்புறு, அதாவது ஊதியம் பெறாமல் செய்யும் பொறுப்பு, அல்லது மதிப்புக்காகத் தரப்படும் பட்டம். இரண்டையும் சுருக்கினால் ஒரே மூன்றெழுத்து, ஹெச் ஓ என். ஒரு சங்கத்தின் ஊதியமில்லாச் செயலாளரின் பெயருக்கு முன் அந்தச் சுருக்கம் இருந்தது. நான் விரித்து எழுதும்போது ஹானரபிள் செக்ரட்டரி என்று போட்டுவிட்டேன். அவர் வருந்தினார். தன்னைத் தானே மாண்புமிகு என்று போட்டுக்கொண்டதாக மற்றவர்கள் நினைத்துவிடுவார்களே என்று. அவருடைய கூச்சம் நியாயமானது. சுருக்கத்தை விரிக்கும் முன் கேட்டுவிடுவது என்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

கேடயத்தில் பொறிக்கும் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தாளில் பிழை என்றால் மறுபடி அச்சடிக்கலாம், உலோகத்தில் பொறித்தது பொறித்ததுதான். நான் அதிகம் பார்த்த பிழை மெமன்டோ என்பதை மொமன்டோ என்று எழுதுவது. மொமன்ட், கணம் என்ற சொல்லோடு மனம் இணைத்துவிடுகிறது. மெமன்டோ என்பது லத்தீனில் ஓர் ஏவல் வினை: நினைவில் வை. மெமரியின் உறவு என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் எம்முக்கு அடுத்த எழுத்து ஓ அல்ல, ஈ என்பது மறக்காது.

சரி, ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். இதில்தான் மிகப் பெரிய சண்டைகள் வரும். எங்களுக்கும் வந்தது. 75 ஆண்டு நிறைவை நாம் பவள விழா என்கிறோம். ஒருவர் அதை அப்படியே கோரல் ஜூபிலி என்று மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஆங்கிலத் திருமண நாள் பட்டியலில் பவளம் என்பது 35ஆம் ஆண்டு. ஆங்கிலம் மட்டும் படிப்பவர் அந்த நிறுவனத்துக்குப் பாதி வயதுகூட இல்லை என்று நினைத்திருப்பார். அப்படியானால் என்ன போடுவது என்ற கேள்வி வந்தது. ஒருவர் டைமண்ட் என்றார், இன்னொருவர் பிளாட்டினம் என்றார். இருவரிடமும் சான்று இருந்தது. விக்டோரியா மகாராணி 60 ஆண்டு ஆட்சியை 1897இல் டைமண்ட் ஜூபிலியாகக் கொண்டாடினார். இரண்டாம் எலிசபெத் 70 ஆண்டை 2022இல் பிளாட்டினம் ஜூபிலியாகக் கொண்டாடினார். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் 75க்கு இரண்டுமே சொந்தமில்லை. ஆனால் 75ஆம் திருமண நாளுக்கு டைமண்ட் என்பது பழைய வழக்கம், நம் பக்கத்து நிறுவனங்கள் 75க்குப் பிளாட்டினம் என்று போடுவதும் பரவலான வழக்கம். மணிக்கணக்கில் பேசினோம். கடைசியில் '75 இயர்ஸ்' என்று எண்ணையே பெரிதாகப் போட்டோம். எண்ணுக்கு எந்த நாட்டிலும் வேறு பொருள் இல்லை. வெள்ளி 25, பொன் 50 இரண்டில் குழப்பமில்லை, அவற்றைத் தாராளமாக எழுதலாம்.

ஜூபிலி என்ற சொல்லின் கதையும் அந்தப் பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது. எபிரேய மொழியில் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறித்த சொல் அது. 50ஆம் ஆண்டில் அந்தக் கொம்பை ஊதி, அடிமைகளை விடுவித்து, விற்ற நிலத்தை உரியவருக்கே திருப்பித் தர வேண்டும் என்று பைபிளின் லேவியராகமம் சொல்கிறது. வெறும் கொண்டாட்டம் இல்லை, விடுதலை. ஜூபிலி மலர் ஒன்றின் முன்னுரையில் இதை எழுதினேன், படித்தவர்கள் பலர் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

நூறாண்டுக்கு பிரிட்டிஷ் வழக்கில் சென்டினரி, அமெரிக்க வழக்கில் சென்டென்னியல். எது வேண்டுமானாலும் எழுதலாம், ஒரே தாளில் இரண்டையும் கலக்கக் கூடாது. அதைவிட முக்கியம் கணக்கு. 1925இல் பிறந்தவருக்கு நூறு நிறைவது 2025இல். 2024 பிறந்த நாளிலேயே நூறாவது ஆண்டு தொடங்கிவிடுகிறது. தமிழில் 'நூற்றாண்டுத் தொடக்கம்', 'நூற்றாண்டு நிறைவு' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆங்கிலத்தில் சென்டினரி இயர் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு, சென்டினரி என்றால் நூறு நிறைந்த நாள் என்று நான் பிரித்து வைத்துக்கொள்கிறேன். ஆனிவர்சரி என்ற சொல்லுக்குள்ளேயே 'ஆண்டு திரும்பி வருவது' என்ற பொருள் இருக்கிறது. அதனால் ஆறு மாத ஆனிவர்சரி என்று எழுதக் கூசும். பேச்சில் பலர் சொல்கிறார்கள், அழைப்பிதழில் வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழாவுக்கு பையன்னியல். ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் பையானுவல். இதை மாற்றி எழுதிய ஓர் அறிவிப்பால், அடுத்த நிகழ்ச்சி ஆறு மாதத்தில் என்று நம்பி ஒருவர் பயணச்சீட்டுக்கே விசாரித்துவிட்டார். நினைவு வைக்க எனக்கு ஒரு வழி உண்டு: 1895இல் தொடங்கிய வெனிஸ் பியன்னாலே கலை விழா. பெயரே இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று சொல்கிறது.

பார்ட்டி வகைச் சொற்களை நான் விரைவாகவே கடந்துவிடுவேன், அவற்றில் தப்பினால் யார் மனமும் புண்படாது. ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சொல்லைப் பார்த்தே வருபவர் உடையையும் நேரத்தையும் தீர்மானிக்கிறார். கெட் டுகெதர் என்றால் எளிமையாக வரலாம். ரிசப்ஷன் என்றால் வரவேற்பு, நின்றுகொண்டே பேசிக் கலையலாம். பேங்க்வெட் என்றால் இருக்கை போட்ட விருந்து, உரைகளும் இருக்கும். பெஞ்சு என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டு, எனவே உட்கார இடம் நிச்சயம். காலா என்றால் பளபளப்பான உடை, பெரும்பாலும் நிதி திரட்டும் நோக்கமும் இருக்கும். பழைய மாணவர் சந்திப்புக்கு ரீயூனியன். ஃபெஸ்டிவல், ஃபீஸ்ட், ஃபெட், ஃபியஸ்டா எல்லாம் ஒரே லத்தீன் குடும்பம். வருவீர்களா என்று பதில் கேட்கும் ஆர்எஸ்விபி என்பதற்கு முன் ப்ளீஸ் வேண்டாம். அது ஒரு பிரெஞ்சு வாக்கியத்தின் சுருக்கம், தயவுசெய்து என்பது அதில் ஏற்கெனவே இருக்கிறது.

நிறைவு விழாவுக்கு வேலடிக்டரி என்று போடுவது நம் பக்கத்தில் பழகிய ஒன்று. 'வாலே' என்றால் போய்வருக. விடைபெறும் சொல். அமெரிக்க மாணவர் ஒருவருக்கு வேலடிக்டரி என்றதும் வகுப்பில் முதலிடம் பெற்று விடைபெறும் உரை ஆற்றும் மாணவர்தான் நினைவுக்கு வருவார். கருத்தரங்கின் நிறைவுக்கு க்ளோசிங் செஷன் என்றால் எல்லாருக்கும் புரியும். பட்டமளிப்பு விழாவை நாம் கான்வொகேஷன் என்கிறோம், கூட்டி அழைத்தல். அமெரிக்காவில் கமென்ஸ்மென்ட், அதாவது தொடக்கம். படிப்பு முடியும் நாளைத் தொடக்கம் என்று அழைப்பது ஒரு மாணவிக்குப் புதிராக இருந்தது. நான் விளக்கியதும், "முடிஞ்சதுன்னு அழுதுக்கிட்டு இருந்தேன் மேடம்" என்று சிரித்தாள்.

கௌரவச் சொற்களின் வேர்களைத் தோண்டும்போது தமிழ் மனதுக்கு நெருக்கமான சிலவும் கிடைக்கும். ட்ரிப்யூட் என்பது முதலில் கப்பம், நம் பழம்பாடல்களில் வரும் திறை. மன்னனுக்குக் கட்டிய திறை இன்று மதிப்புக்குரியவருக்குக் கட்டும் சொல்லாகிவிட்டது. ட்ரிப்யூட்டோடு பே என்ற வினை சேர்வது, செலுத்துகிறோம் என்பது, அதனால்தான். ஹோமேஜ் என்பதற்குள் மனிதன் என்ற சொல் இருக்கிறது. 'இனி நான் உங்கள் ஆள்' என்று தலைவன் முன் சொல்லும் சடங்கு. இனாகுரேட் என்பதற்குள் பறவை நிமித்தம் பார்க்கும் ரோமானிய குரு இருக்கிறார். தமிழிலும் புள் என்றால் பறவை, நிமித்தம் இரண்டும்தான். அக்கலேட் என்பதற்குள் கழுத்து இருக்கிறது, வீரனாக ஏற்கும்போது கட்டித் தழுவியது. நம் அஞ்சலி என்பதும் கைகூப்புதல்தான். இருப்பவருக்கும் செய்வது, இன்று மறைந்தவருக்கே என்று ஆகிவிட்டது. ஹோமேஜ் நம் பக்கத்து ஆங்கிலத்தில் அஞ்சலியின் வழியிலேயே போய்விட்டது. வெளியே உயிரோடு இருக்கும் கலைஞருக்கும் ஹோமேஜ் செலுத்துவார்கள். ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார் என்று பதற வேண்டாம்.

பாராட்டு மடலுக்கும் கேடயத்துக்கும் தேவைப்படும் தொடர்கள் மூன்று. செய்த செயலைச் சொல்வதானால் இன் ரெகக்னிஷன் ஆஃப். அதன் பின் மனிதரின் பெயர் வராது, அவருடைய பணி வரும்: முப்பது ஆண்டு ஆசிரியப் பணி, நூலகம் கட்டியது. நன்றி கலந்திருந்தால் இன் அப்ரீஷியேஷன் ஆஃப். மறைந்தவர் பெயரில் ஒன்றை நிறுவுவதானால் இன் மெமரி ஆஃப். இதற்குப் பிறகும் வெறும் 'கிரேட் சர்வீஸ்' என்று எழுதாதீர்கள். அவர் என்ன செய்தார் என்பதை ஒரே ஒரு உண்மையான விவரத்தோடு எழுதுங்கள். நான் எழுதிய மடல்களில் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டவை எல்லாம் அப்படிப்பட்ட ஒரு விவரம் உள்ளவைதான்.

இன்னொரு தொடரும் இருக்கிறது, இன் ஹானர் ஆஃப். இருப்பவருக்கும் எழுதலாம், மறைந்தவருக்கும் எழுதலாம். மறைந்தவருக்கு நான் அதை எழுதாமல் இருந்தேன், தெளிவாக இருக்கட்டும் என்று.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த அந்த மூத்தவர், ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்துக் காலமானார். அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டு உறவினர்களும் இருப்பார்கள், ஆங்கிலத்தில் நீங்களே பேசுங்கள் அக்கா என்றார். அன்று நிகழ்ச்சித் தாளில் யூலஜி என்று என் கையால் எழுதினேன். சரியான சொல். எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு அவர் பெயரில் இளையவர்களுக்கு ஒரு பரிசு தொடங்கினார்கள். சுவரில் பதிக்கும் பலகைக்கு இன் மெமரி ஆஃப் என்று எழுதி அனுப்பினேன். மகள் அதைத் திருத்தி அனுப்பினார். மெமரி என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே ஹானர் என்று எழுதியிருந்தார். நான் ஃபோனில் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டுவிட்டு, "தெரியும் அக்கா. ஆனா பரிசு வாங்கற பசங்க அப்பாவைப் பார்த்ததே இல்லை. அவங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? மரியாதைதான் இருக்கும்" என்றார்.

பலகை அப்படியே பொறிக்கப்பட்டது.